முதல் செமஸ்டரில் யாரிடம், எப்படிக் கேட்பது?

ஒடுகத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. இப்போது வேலூரில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் போகிறது. மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்), பிரிட்ஜ் கோர்ஸ் (பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்கும் வகுப்பு), ரெமிடியல் கிளாஸ் (பாடம் பின்தங்கியவர்களுக்கான கூடுதல் வகுப்பு), லைப்ரரி என்று முதல் நாளே நிறையச் சொன்னார்கள், எதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை. ரெமிடியலுக்குப் பேர் கொடுத்தால் மட்டமாக நினைப்பார்களோ என்ற கூச்சம். பேசாமல் டி.சி. வாங்கிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். என்னென்ன உதவி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. உங்களை அரிப்பது வேறு: "போய்க் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்விகூட இல்லையே!" இதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

வேலூர் வட்டாரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குடியாத்தத்தில் தறி ஓடிய வீட்டில் பிறந்து, தமிழ்வழியில் படித்து, உங்களைப் போலவே ஒருநாள் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தவள். முதல் ஆறு மாதம் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நான் சொல்வது கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பொருந்தும். பொறியியல், மருத்துவப் படிப்புகளில் நடைமுறை வேறு. அங்கே படிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தக் கூச்சத்தைப் பற்றி. ஆசிரியர் அறையில் நாங்கள் மாணவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் "இவன் வந்து சந்தேகம் கேட்டான், அதனால் மட்டம்" என்று ஒரு சக ஆசிரியர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வகுப்பில் நடுவே எழுந்து கேட்டவனை எரிச்சலோடு உட்கார வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். அது பெரும்பாலும் போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் வருவது. அதே ஆசிரியர், வகுப்பு முடிந்து மாணவன் நோட்டோடு அறை வாசலில் நின்றால், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார். ஐம்பது அறுபது பேருக்கு நடுவில் உங்கள் பெயர் அவர் மனதில் பதிவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். ரெமிடியல் வகுப்புக்குப் போனது மார்க் ஷீட்டில் எங்கேயும் வராது. முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் "நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அறுபது பேர் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேர். அங்கே பாதி நேரம் தமிழில்தான் விளக்குவோம்.

இரண்டாவது தயக்கம்தான் பெரியது. "மேடம், ஒண்ணுமே புரியல" என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு உதவுவது கடினம். மனம் இல்லாமல் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்கும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து அதே பாடத்தைச் சொல்வோம், அது மறுபடியும் புரியாது, பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விடும். இதற்கு ஒரு வழி உண்டு. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படியுங்கள். எந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார்கள் என்று தெரியவில்லையோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் கேள்வி. அதற்கு மேல் அழகான ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தேவையில்லை. "இந்த வரியிலிருந்து இந்த வரி எப்படி வந்துச்சு?" என்று தமிழில் கேட்டால் போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்களுக்கு இந்த செமஸ்டரிலேயே வரக்கூடியது. பீம், அதாவது உத்தரம் போன்ற நீளச் சட்டம், வளைவதைப் பற்றிய பாடத்தில் வளைவுத் திருப்புத்திறனுக்கான சமன்பாட்டைத் தருவிப்போம். அதில் ஐ என்ற எழுத்தில் ஒரு அளவு வரும், ஜியோமெட்ரிக்கல் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்போம். ஒரு மாணவி நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். "மேடம், டார்ஷன் பெண்டுலத்துல ஐ-க்குள்ள மாஸ் இருந்துச்சு. இங்க அகலத்தையும் தடிமனோட மும்மடியையும் பெருக்கிப் பன்னிரண்டால வகுக்கறாங்க. மாஸ் எங்க போச்சு?" நான் பல வருடம் நடத்திய பாடம். இரண்டும் ஒரே எழுத்து, பேரும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் பொருள் வேறு என்பதை வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். ஒன்று, டார்ஷன் பெண்டுலத்தில் (கம்பியில் தொங்கி முறுக்கி ஆடும் ஊசல்) வருவது, பொருள் சுழல்வதற்குக் காட்டும் தயக்கம். அதில் நிறை இல்லாமல் இருக்காது. மற்றது, பீமின் குறுக்குவெட்டுப் பரப்பு நடு அச்சிலிருந்து எப்படிப் பரவியிருக்கிறது என்பது மட்டும்; அங்கே நிறைக்கு வேலை இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. அவளுக்கு அந்த யூனிட் முழுக்கத் திறந்துகொண்டது. அடுத்த ஆண்டிலிருந்து நான் அந்த இடத்தில் நின்று நிதானமாக நடத்தினேன். அந்தப் பெண் "ஒண்ணும் புரியல" என்று வந்திருந்தால் இது நடந்திருக்காது.

இனி ஆங்கிலம். உங்களுக்குப் பாடம் புரியவில்லை என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி, பாடமே இல்லை என்பது என் அனுபவம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். 7-ஆம் அலகு 'பருப்பொருளின் பண்புகள்'. அதே அலகு ஆங்கிலவழிப் புத்தகத்தில் 'பிராப்பர்ட்டீஸ் ஆஃப் மேட்டர்'. பல கல்லூரிகளில் முதல் செமஸ்டர் தாளின் பெயரிலேயே இது இருக்கிறது. தகைவு என்று நீங்கள் படித்ததுதான் ஸ்ட்ரெஸ், திரிபுதான் ஸ்ட்ரெய்ன், பரப்பு இழுவிசைதான் சர்ஃபேஸ் டென்ஷன், பாகுநிலைதான் விஸ்காசிட்டி. நீங்கள் தேர்வு எழுதித் தேறிய பாடம் இது, வேறு பெயரில் எதிரே வந்து நிற்கிறது. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டு புத்தகங்களையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பத்திக்குப் பத்தி, படத்துக்குப் படம் பொருந்தும். இதைவிட நல்ல இருமொழி அகராதி உங்கள் பாடத்துக்குக் கிடைக்காது. ஒரு அலகுக்கு ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒடுகத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே முடித்துவிடலாம்.

இதில் இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. காலை வாருவது பெரும்பாலும் கலைச்சொற்கள் இல்லை, சின்னச் சின்ன இணைப்புச் சொற்கள். ஹென்ஸ், வேர்ஆஸ், ரெஸ்பெக்டிவ்லி, நெக்லிஜிபிள், லெட் அஸ் அஸ்யூம். இவை ஐம்பது இருக்கும், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு கணக்கில் இரண்டு கம்பிகளின் நீளம், விட்டம் கொடுத்து 'ரெஸ்பெக்டிவ்லி', அதாவது 'முறையே' என்று முடித்திருப்பார்கள். அந்தச் சொல் தெரியாமல் அளவுகளை மாற்றிப்போட்டுக் கணக்கைத் தவறவிட்ட பிள்ளைகளை விடைத்தாளில் பார்த்திருக்கிறேன். இயற்பியல் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

தமிழில் தேர்வு எழுதலாமா என்றும் உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கலாம். ஆங்கிலவழிப் படிப்பிலும் மாணவர்களை உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதிக்கும்படி, 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் நடைமுறையில் இருக்கிறதா என்பதை சீனியர் சொல்வதை நம்பி முடிவு செய்யாமல் தேர்வுப் பிரிவில் நேரில் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் எழுதத்தான் வேண்டுமா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என் சொந்த அபிப்பிராயம்: முதல் செமஸ்டரில் கருத்து தெளிவாக இருந்து மொழி மட்டும் தடுத்தால் தமிழில் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எம்.எஸ்சி. எண்ணம் இருந்தால் மூன்றாம் செமஸ்டருக்குள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள். இது என் கணிப்புதான். உங்கள் பாட ஆசிரியர் வேறு சொன்னால் அவர் உங்களைப் பார்த்துச் சொல்கிறார், அதைக் கேளுங்கள்.

மென்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆசிரியருக்கு இருபது முப்பது பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு நோட்டில் விவரங்கள் எழுதி, மாதம் ஒருமுறை கையெழுத்து. சில இடங்களில் அது கையெழுத்தோடு நின்றுவிடுகிறது, உண்மைதான். அதை நடக்க வைப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. கையெழுத்துப் போடப் போகும்போது சொல்வதற்கு ஒரே ஒரு விஷயத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "காலை பஸ் லேட்டானா முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போகுது" என்பது மென்டரிடம் சொல்ல வேண்டியது. பீம் சமன்பாடு பாட ஆசிரியரிடம் கேட்க வேண்டியது. உதவித்தொகை பற்றி கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். மூன்றையும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் எதற்கும் பதில் கிடைக்காமல் திரும்பும் பிள்ளைகள் அதிகம். மென்டரிடம் எதுவும் நகரவில்லை என்றால் துறைத்தலைவரிடம் போவதில் தவறில்லை. ஹெச்.ஓ.டி.யைப் பார்க்க யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னால், ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். மூன்றாவது பெஞ்சு, ஓரத்து இடம். அமைதியான பிள்ளை. நான் நடத்தும்போது தலையாட்டுவான், புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் செமஸ்டரில் நான்கு தாள் போயிற்று. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன் பிறகு சொன்னான்: ஆசிரியர் அறைக்குள் மாணவர்கள் போகக் கூடாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தானாம். அந்த அறை என் வகுப்பிலிருந்து இருபது அடி தூரம். நானும் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு "என்னப்பா, புரியுதா?" என்று தனியாகக் கேட்கவில்லை. தலையாட்டுபவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதை அவன் போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். உங்கள் ஆசிரியர் அறைக் கதவும் திறந்துதான் இருக்கிறது, தம்பி. உள்ளே போங்கள்.

லேப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதலாண்டில் மதிப்பெண் சுலபமாக ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் வெர்னியர் அளவை ஒழுங்காக எடுக்கத் தெரியாமலே மூன்றாம் ஆண்டு வரை போனவர்கள் உண்டு. பக்கத்துப் பையனின் அளவைப் பார்த்து எழுதியே ஓட்டியிருப்பார்கள். அதன் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.001 செ.மீ. ஒரு கோடு தவறினால் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) எங்கேயோ போய்விடும். லேப் அசிஸ்டன்ட் அண்ணனிடம் போய், காலியான பீரியடில் கால் மணி நேரம் கருவியைத் தொட்டுப் பழக அனுமதி கேளுங்கள். அந்தக் கருவிகளோடு பல வருடம் இருப்பவர்கள் அவர்கள். வெர்னியர் கோடு எங்கே ஒன்றுகிறது என்பதை அவர்களைப் போல் காட்ட ஆளில்லை. அவர்களிடம் கேட்கலாம் என்றே மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம்.

நூலகத்தில் முதல் வாரமே வாங்க வேண்டியவை இரண்டு: பாடத்திட்டத்தின் முழு நகல், பழைய வினாத்தாள்கள். எந்த யூனிட்டில் என்ன என்று தெரியாமல் ஜெராக்ஸ் கடை நோட்ஸை மட்டும் நம்பிப் படிப்பது ஆபத்து. கல்லூரி என்-லிஸ்ட் திட்டத்தில் இருந்தால் நூலகர் ஒரு ஐ.டி. போட்டுத் தருவார், மின்னூல்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிகள் தரமானவை, ஆனால் முதல் செமஸ்டர் தமிழ்வழி மாணவருக்கு அவை செங்குத்தான ஏற்றம். இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீனியர்களின் பழைய புத்தகங்களையும் கேட்டு வாங்குங்கள். இதே வேலூரில் ஊரீசுக் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சொந்தக்காரர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்கள் கையில் இருந்ததால்தான் தத்துவப் பாடம் எடுத்தார் என்று சொல்வார்கள்.

செல்போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பதைப் பற்றி: ஆங்கிலப் பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்ல அது உதவும். தருவிப்பில் நடுவே ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டு உறுதியான குரலில் சொல்லவும் செய்யும். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நீங்கள் தேறும் வரை, அது சொன்னதை வகுப்பு நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசைன்மென்டை மட்டும் அதனிடம் எழுதி வாங்காதீர்கள். பென்சில் கோடு போடும் வாய்ப்பு உங்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லக் கூடியவை சில. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாளாவது வந்திருக்க வேண்டும். ஐந்து வாரத்தில் எத்தனை நாள் விட்டிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். அக மதிப்பெண் 25, செமஸ்டர் தேர்வு 75 என்பது பல கல்லூரிகளில் உள்ள பங்கு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் மாறலாம், கையேட்டைப் பாருங்கள். அக மதிப்பெண்ணில் டெஸ்ட், அசைன்மென்ட், செமினார் எல்லாம் சேரும். ஆங்கிலம் வரவில்லை என்று செமினாரைத் தவிர்க்காதீர்கள். ஐந்து நிமிடம், பத்து வாக்கியம், மனப்பாடம் செய்தாவது நின்று சொல்லிவிடுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள்.

தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பஸ் ஏறவே மனம் இல்லை என்று இருந்தால் அது படிப்புப் பிரச்சினையைத் தாண்டியது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இந்த விஷயத்தில் ஆசிரியர்களான எங்களுக்குப் பயிற்சி போதாது. அதற்கென்று படித்தவர்களிடம் பேசுவதே நல்லது.

கடைசியாக அந்த டி.சி. ஐந்து வாரத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். இயற்பியலே பிடிக்கவில்லை, வீட்டில் சொன்னதற்காகச் சேர்ந்தேன் என்றால் அது தனிக் கதை, மென்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பாடம் பிடிக்கிறது, மொழிதான் பயமுறுத்துகிறது என்றால் முதல் செமஸ்டர் முடிவு வரும் வரையாவது பொறுங்கள். ஒன்றிரண்டு தாள் போனாலும் அடுத்த தேர்வில் எழுதிவிடலாம். முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, மூன்றாம் ஆண்டில் நல்ல வகுப்போடு தேறி, இன்று பள்ளியில் இயற்பியல் நடத்துகிற என் மாணவர்கள் இருக்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை ஒரே ஒரு பாட ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள். வகுப்பில் முகம் பார்த்து நடத்துகிறவராக இருக்கட்டும். நோட்டில் மூன்று இடத்தில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். ரெமிடியல் வகுப்பு மாலையில் வைத்து உங்களுக்கு பஸ் தவறும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் தர முடியுமா என்று கேளுங்கள். நான் அந்த நேரத்தில்தான் கொடுத்துவந்தேன். டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு நோட்டை வைக்க மேசையில் இடம் இருந்தது.